உக்காவும் அதன் வாரிசுகளும்

ஐதராபாத் நகரில், மூசி நதியின் தென்கரையில், சாலார் ஜங் அரும்பொருட்காட்சி சாலை அமைந்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினரையும் நண்பரையும் அங்கே அழைத்துச் செல்வது, உத்தியோக நிமித்தம் இந்நகரில் வாழும் என்போன்றோருக்கு ஒரு வழக்கம். பளிங்கிலே முகத்திரை அணிந்து நிற்கும் ரெபேக்காளின் சிலையைக் கண்டு அவர்கள் வியப்பார்கள். மணிதோறும் சிறு பாவை வெளிவந்து மணியடிக்கும் கடிகாரத்தின் முன்னே கூட்டத்தோடு கூட்டமாகக் காத்து நிற்பார்கள். பீதர் வேலைப்பாட்டுப் பொருள்கள் இருக்கும் இடத்துக்கு வந்ததும், வெள்ளிக் கொடிகள் படர்ந்த கரிய கலம் ஒன்றைச் சுட்டி, இது பூச்சாடியா, நீர்க்குடமா என்று கேட்பார்கள். இரண்டும் அன்று. உக்கா என்னும் புகைக் கருவியின் அடிக்கலம் அது.

அண்மையில் என் அலுவலக நண்பர் ஒருவர் என்னுடன் அங்கு வந்திருந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிகரெட் பிடிப்பவர் அவர். அவருடைய தந்தையாரும் புகைப் பழக்கம் உடையவராயிருந்து, நுரையீரல் நோயால் மூச்சுக்குத் தவித்து மறைந்தவர். நண்பருக்கும் இப்போது மாடிப்படி ஏறினால் இளைப்பு வருகிறது. ஜப்பானில் வேலை பார்க்கும் மைத்துனர் அவருக்கு ஒரு யோசனை எழுதியிருந்தாராம். அங்கே மின்சாரத்தால் புகையிலையைச் சூடாக்கும் கருவி ஒன்று விற்கிறது. அதில் இலை எரிவதில்லை, சூடாவது மட்டுமே. ஆகையால் சிகரெட்டை விட்டு அதற்கு மாறிவிடலாம் என்பது அந்த யோசனை. நம் நாட்டிலோ அக்கருவியை விற்பதும் வரவழைப்பதும் சட்டப்படி குற்றம். "நல்லதொன்றை ஏன் தடுக்கிறார்கள்?" என்று நண்பர் கேட்டார். நாங்கள் அப்போது நின்றிருந்தது, அந்தக் கரிய கலத்தின் முன்னேதான். அவருடைய கேள்விக்கு உரிய விடையின் பெரும்பகுதி அந்தக் கலத்தின் வரலாற்றிலேயே அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றிற்று.

உக்காவின் அமைப்பை முதலில் பார்ப்போம். அடியில் நீர் நிறைந்த கலம். அதன் வாயினின்று நிமிர்ந்து நிற்கும் குழாய். குழாயின் உச்சியில் மண்ணாலான சிறு கிண்ணம். அதற்குச் சிலிம் என்று பெயர். புகையிலையை வெல்லப்பாகுடன் பிசைந்து அந்தக் கிண்ணத்தில் இட்டு, அதன்மேல் கனன்ற கரித்துண்டுகளை வைப்பார்கள். கரிக்கும் புகையிலைக்கும் நடுவே ஓட்டுச் சில்லையோ தகட்டையோ வைப்பதும் உண்டு. கலத்தின் பக்கத்திலிருந்து நீண்டு வளையும் மற்றொரு குழாயை வாயில் வைத்து இழுத்தால், கரியின் வெப்பம் புகையிலையை வாட்டும். எழுந்த புகை நீருக்குள் இறங்கிக் குடுகுடுவென்று ஒலித்து, குளிர்ந்து, புகைப்பவரின் வாயை அடையும். சிகரெட்டில் இலையே தீக்கு விறகாகிறது. உக்காவில் தீ வேறு, இலை வேறு. புகையிலையை நேரே கொளுத்தாமல் வெப்பத்தால் வாட்டிச் சாரத்தைப் பெறும் எண்ணம் நம் காலத்தது அன்று என்பதை இவ்வமைப்பே காட்டும்.

இக்கருவி தக்காணத்தில் ஒரு பெருங்கலையையே வளர்த்தது. ஐதராபாத்துக்கு வடமேற்கே உள்ள பீதர் நகரத்துக் கைவினைஞர், துத்தநாகத்துடன் சிறிது செம்பைச் சேர்த்து உருக்கிக் கலம் வார்த்தனர். அதன்மேல் பூவும் கொடியும் செதுக்கி, செதுக்கிய பள்ளங்களில் வெள்ளியைப் பதித்தனர். பின்னர் பீதர்க் கோட்டையின் பழைய மண்ணை நவச்சாரத்துடன் நீரில் கரைத்துத் தேய்க்க, உலோகம் கருத்தது; வெள்ளி மட்டும் வெண்மை மாறாமல் ஒளிர்ந்தது. 17ஆம் நூற்றாண்டில் செய்த உக்காக் கலங்கள் பந்துபோல உருண்டவை. வளையத்தின்மேல் வைத்தாலன்றி நில்லா. 18ஆம் நூற்றாண்டில் அவை மணியின் உருவம் பெற்று, தாமே நிற்கும் அகன்ற அடியை அடைந்தன. நிலைத்து நின்ற பழக்கத்துக்கு நிலைத்து நிற்கும் பாத்திரமும் கிடைத்துவிட்டது.

புகையிலை நம் நாட்டுச் செடி அன்று. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிப் போர்ச்சுகீசியரின் கப்பல்களில் வந்தது. வட இந்தியர் அதனைத் தம்பாக்கு என்று, வந்த பெயரையே சிறிது மாற்றி வழங்கினர். தமிழரும் தெலுங்கரும் வேறு வழியை மேற்கொண்டனர். நாம் புகையிலை என்றோம். தெலுங்கர் பொகாகு என்றனர். இரண்டுக்கும் பொருள் ஒன்றே: புகைக்குரிய இலை. அயலான் தந்த பெயரை ஒதுக்கி, அவன் அதைக்கொண்டு என்ன செய்தான் என்பதைப் பார்த்துப் பெயரிட்ட மக்கள் நாம். இச்சிறு செய்தியைப் பின்னால் மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

அந்த இலை முகலாயரின் அரண்மனைக்குள் புகுந்தது தக்காணத்தின் வழியாகவே. அக்பர் சக்கரவர்த்தியின் தூதராகப் பீஜப்பூருக்குச் சென்ற அஸத் பேக் என்பார், 1604ஆம் ஆண்டையொட்டி ஆக்ராவுக்குத் திரும்பியபோது, புகையிலையையும் மணிகள் இழைத்த அழகிய புகைக்குழல் ஒன்றையும் கொண்டுவந்தார். சக்கரவர்த்தியின் முன்னே அவற்றை வைத்தபோது நிகழ்ந்ததைத் தம் குறிப்பில் அவரே எழுதிவைத்திருக்கிறார். அக்பர் குழலைக் கையில் எடுத்து இரண்டொரு முறை இழுத்துப் பார்த்தார். அரண்மனை வைத்தியர் பதறி, மேலும் இழுக்க வேண்டாமென்று தடுத்தார். இது சோதனை செய்யப்படாத பொருள். நம் நூல்களில் இதன் குணம் கூறப்படவில்லை. அறியாத ஒன்றின் இயல்பை நான் எவ்வாறு எடுத்துரைப்பேன் என்பது வைத்தியரின் கூற்று.

அஸத் பேக் விடவில்லை. ஐரோப்பியர் அறிவிலிகள் அல்லர். அவர்களிடையேயும் அறிஞர் உளர். சோதித்துப் பாராமலே ஒரு பொருளைத் தீயதென்று எவ்வாறு கூறலாம் என்று எதிர்வாதம் செய்தார். நம் அறிஞர் ஆராய்ந்து ஒப்பாத வழக்கத்தை, அயலார் கைக்கொண்டார்கள் என்பதற்காக நாமும் கைக்கொள்ள வேண்டியதில்லை என்றார் வைத்தியர். உலகத்தில் உள்ள வழக்கம் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் புதியதாக இருந்ததுதானே என்றார் தூதர். அந்த வாதத் திறமையை அக்பர் பாராட்டினார். ஆயினும் புகைக்கும் பழக்கத்தைத் தாம் மேற்கொள்ளவில்லை.

அரசர் மேற்கொள்ளாததைப் பிரபுக்கள் மேற்கொண்டனர். தூதர் நிறையப் புகையிலை கொணர்ந்திருந்தார். பிரபுக்களுக்கெல்லாம் பகிர்ந்து அனுப்பினார். பின்னும் பின்னும் வேண்டுமென்று ஆட்கள் வந்தனர். வணிகர் விற்கத் தொடங்கினர். பழக்கம் காட்டுத்தீயெனப் பரவிற்று. 1617ஆம் ஆண்டில் ஜஹாங்கீர் சக்கரவர்த்தி, பலருடைய உடலுக்கும் இது கேடு செய்கிறதென்று கூறித் தடை விதித்தார். பாரசீகத்தில் ஷா அப்பாஸும் அவ்வாறே தடை செய்திருந்தார். ஆனால் ஜஹாங்கீர் பாரசீகத்துக்கு அனுப்பிய தூதரே ஒரு கணமும் புகையின்றி இருக்க மாட்டாதவராக இருந்தார் என்பதையும் ஜஹாங்கீரின் நினைவுக் குறிப்பு சொல்கிறது. தடை ஏட்டில் நின்றது. உக்கா வீட்டில் நின்றது.

அக்பரின் அவையில் நடந்த அந்த வாதத்தில் வென்றவர் யார்? அன்று கேட்டிருந்தால் தூதர் என்றே எல்லாரும் சொல்லியிருப்பார்கள். சோதித்துப் பாருங்கள் என்று இருவருமே கூறினர். ஒருவர், சோதித்த பின்பு பயன்படுத்துக என்றார். மற்றவர் சொன்னதன் விளைவு, பயன்படுத்திக்கொண்டே சோதித்தல் என்றாயிற்று. உலகம் இரண்டாம் வழியை ஏற்றது. அதற்கு அளித்த விலையைப் பின்னர்க் காண்போம்.

புகையை நீரில் செலுத்தித் தூய்மைப்படுத்தலாம் என்ற எண்ணத்தைத் தோற்றுவித்தவர், அக்பர் அவையின் வைத்தியர்களுள் ஒருவரான ஹக்கீம் அபுல் ஃபத் கிலானி என்று பலர் எழுதுகின்றனர். இக்கதையை நம்புவதில் ஓர் இடர்ப்பாடு இருக்கிறது. அபுல் ஃபத் 1589ஆம் ஆண்டிலேயே காலமானார். அஸத் பேக் புகையிலையைக் கொணர்ந்ததோ அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து. ஆகவே கதை வரலாறு ஆவது அரிது. எனினும் அது ஏன் தோன்றிற்று என்பது எண்ணத்தக்கது. ஒரு கருவி தீங்கற்றது என்று மக்கள் நம்ப வேண்டுமானால், அதைக் கண்டவர் வைத்தியர் என்று சொல்லுவதைக் காட்டிலும் சிறந்த சான்று வேறென்ன வேண்டும்?

நீர் புகையைக் குளிர்விக்கிறது. தொண்டையில் காரம் குறைகிறது. காரம் குறைந்ததால் நஞ்சும் குறைந்ததென்று மனிதன் முடிவு கட்டினான். உண்மை அவ்வாறில்லை. காரம் குறையக் குறைய, இழுப்பு ஆழமாகிறது. அமர்ந்திருக்கும் நேரமும் நீள்கிறது. புகையிலையின் தீமையுடன் கரியினின்று எழும் நச்சு வாயுவும் சேர்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட குறிப்பு, ஒரு முறை உக்காவின் முன் அமர்பவர் 100 சிகரெட்டுகள் அல்லது அதற்கு மேலும் பிடிப்பவர் உட்கொள்ளும் அளவுக்குப் புகையை உட்கொள்ளக்கூடும் என்று எச்சரித்தது. நீரின் வாக்குறுதி இவ்வாறு முடிந்தது.

உக்காவுக்குப் பின் சிகரெட் வந்தது. உக்காவுக்கு ஓரிடத்தில் அமர வேண்டும். கரி மூட்ட வேண்டும். செல்வர் வீடுகளில் இதற்கென்றே உக்காபர்தார் என்னும் பணியாளர் இருந்தனர். சிகரெட்டுக்கோ ஒரு தீக்குச்சி போதும். நிஜாம் ஆட்சிக் காலத்தில், 1930ஆம் ஆண்டில், வசீர் சுல்தான் புகையிலைக் கம்பெனி ஐதராபாத்தில் பதிவு பெற்றது. ஆசமாபாத் பகுதியில் அதன் தொழிற்சாலை எழுந்தது. இந்நகரின் நடுவே நிற்கும் சார்மினாரின் உருவம், சிகரெட் பெட்டியின்மேல் ஏறி, நகரத்தைக் கண்டிராத ஊர்களுக்கெல்லாம் சென்றது. குண்டூர் மாவட்டத்தில் வர்ஜீனியாப் புகையிலைப் பயிர் ஓங்கிற்று. பல்லாயிரம் குடும்பங்களுக்கு அது சோறு போட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை. அரசாங்கத்துக்கும் 1943ஆம் ஆண்டு முதல் புகையிலையின்மேல் விதித்த ஆயத்தீர்வை வருவாயைத் தந்தது.

சிகரெட்டின் தீமையை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டும் ஆராய்ச்சி, 1950ஆம் ஆண்டில் தொடங்கிற்று எனலாம். இங்கிலாந்தில் டால், ஹில் என்னும் இரு அறிஞர், நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பை அவ்வாண்டில் எடுத்துக்காட்டினர். 1962ஆம் ஆண்டில் லண்டன் ராயல் வைத்தியக் கல்லூரியும், 1964ஆம் ஆண்டில் அமெரிக்கத் தலைமை வைத்திய அதிகாரியும் வெளியிட்ட அறிக்கைகள் அதனை உறுதிப்படுத்தின. அக்பரின் வைத்தியர் 1604ஆம் ஆண்டையொட்டிக் கேட்ட கேள்விக்கு முறையான விடை கிடைக்க, ஏறத்தாழ 345 ஆண்டுகள் சென்றன. பயன்படுத்திக்கொண்டே சோதிப்பது என்ற வழிக்கு மனிதகுலம் அளித்த விலை இதுதான். அந்த 345 ஆண்டுகளில் இருமி மாண்டவர்களுக்குக் கணக்கு எழுதியவர் இல்லை.

உண்மை வெளிவந்ததும் பழக்கம் ஒழிந்ததா என்றால், இல்லை. உக்காவின் நீர் செய்த வேலையை இப்போது வடிகட்டி ஏற்றது. சிகரெட்டின் நுனியில் பஞ்சு வைத்து, தீமையெல்லாம் இங்கே தங்கிவிடும் என்றார்கள். 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த கென்ட் என்னும் சிகரெட்டின் வடிகட்டியில் கல்நார் இருந்தது. 1956ஆம் ஆண்டு வரையில் அது நீடித்தது. கல்நாரும் புற்றுநோயைத் தருவது என்பதை இன்று யாவரும் அறிவர். உடல்நலத்துக்காக வாங்கிய வடிகட்டியே நஞ்சைச் சேர்த்துக் கொடுத்தது! பின்னர் இலேசான சிகரெட்டுகள் வந்தன. ஆராய்ச்சிச் சாலைப் பொறி இழுத்தபோது அவற்றில் தார் குறைவாகவே தெரிந்தது. மனிதன் இழுத்தபோது, குறைந்ததை ஈடு செய்ய ஆழ்ந்து இழுத்தான். அவற்றால் நோய் குறையவில்லை என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையம் 2001ஆம் ஆண்டில் ஓர் அறிக்கையில் கூறிற்று.

இந்த வரிசையில் வந்ததே சூடாக்கும் கருவி. அதுவும் திடீரென்று தோன்றியதன்று. 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரெனால்ட்ஸ் கம்பெனி பிரீமியர் என்ற சிகரெட்டைச் சில நகரங்களில் விற்றுப் பார்த்தது. அதன் நுனியில் ஒரு கரித்துண்டு. அது கனன்று, பின்னாலிருந்த புகையிலையைச் சூடாக்கும். உக்காவின் உச்சியிலிருந்த கரி, சிகரெட்டின் முனைக்கு வந்துவிட்டது! மக்களுக்கு அது பிடிக்கவில்லை. மறு ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. 2014ஆம் ஆண்டில் பிலிப் மோரிஸ் கம்பெனி, ஐகாஸ் என்னும் மின்கருவியை ஜப்பானின் நகோயா நகரிலும் இத்தாலியின் மிலான் நகரிலும் அறிமுகம் செய்தது. சிகரெட்டை இழுக்கும்போது அதன் முனை ஏறத்தாழ 900 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்கிறது. இக்கருவியில் வெப்பம் சுமார் 350 டிகிரியைத் தாண்டாதபடி மின்சாரம் அடக்கி வைக்கிறது. அதனால் தீயில் பிறக்கும் நச்சுப் பொருள்கள் பல குறைகின்றன. இது மெய், இதை மறுப்பது நேர்மையன்று. ஆனால் பழக்கத்துக்கு அடிமைப்படுத்தும் நிகோடின் அப்படியே வருகிறது.

குறைந்த நஞ்சு, குறைந்த நோய் ஆகுமா? 2020ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் இதுபற்றி அளித்த தீர்ப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. சிகரெட்டிலிருந்து முழுதும் மாறினால் நச்சுப் பொருள்கள் உடலில் சேர்வது குறையும் என்று விளம்பரம் செய்ய அது இசைந்தது. நோய் குறையும் என்று விளம்பரம் செய்ய இசையவில்லை. அதற்குச் சான்று போதாது என்றது. 2022ஆம் ஆண்டில் காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வுக் கூட்டமைப்பு, அதுவரை நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. இக்கருவியால் மக்கள் சிகரெட்டை விடுகிறார்களா என்பதை அளந்த சோதனை ஒன்றுகூட அதில் அகப்படவில்லை. முறைப்படி நடந்த ஒப்பீட்டுச் சோதனைகள் அனைத்துக்கும் பணம் கொடுத்தவை புகையிலைக் கம்பெனிகளே. அஸத் பேக்கின் வாதத்தை அஸத் பேக்கே சோதித்துத் தீர்ப்புக் கூறியது போன்ற நிலை இது.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 18ஆம் நாள் ஓர் அவசரச் சட்டம் பிறந்தது. டிசம்பர் மாதத்தில் பாராளுமன்றச் சட்டமாயிற்று. மின்சிகரெட்டுகளைச் செய்தல், விற்றல், இறக்குமதி செய்தல், விளம்பரம் செய்தல் யாவும் குற்றமாயின. முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எரியாது சூடாகும் புகையிலைப் பொருளையும் மின் உக்காவையும் அச்சட்டம் ஒரே வரியில் அடுத்தடுத்து வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நான், இந்த வரியைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். ஆங்கிலப் பெயரில் எரிதல் இல்லை என்ற உறுதிமொழி பெயருக்குள்ளேயே ஒளிந்திருந்து, வாங்குபவனுக்கு ஆறுதல் கூறுகிறது. தமிழிலோ எவ்வளவு முயன்றாலும் புகையிலை என்ற சொல் வந்து முன்னே நிற்கிறது. புகையை நீக்கிவிட்டேன் என்பவனிடம், இலையின் பெயரிலேயே புகை இருக்கிறதே என்று நம் முன்னோர் கேட்பது போலத் தோன்றிற்று.

இவ்விடத்தில் நண்பர் ஒரு நியாயமான கேள்வியை எழுப்பினார். உறுதியாகக் கொல்லும் சிகரெட்டைக் கடைதோறும் விற்க விட்டு, ஒருவேளை குறைவாகக் கெடுக்கக்கூடியதைத் தடுப்பது என்ன முறை என்றார். சட்டத்தில் இம்முரண்பாடு இருப்பது உண்மையே. ஆனால் அதன் காரணத்தையும் வரலாறே கூறுகிறது. வேரூன்றிய பழக்கத்தை அரசாணையால் பறிக்க முடியாதென்பதை ஜஹாங்கீரின் தடை காட்டிற்று. வேரூன்றுமுன் தடுத்திருக்கலாம் என்பதை அக்பர் அவையின் நிகழ்ச்சி காட்டிற்று. முதன்முறையாக நம் நாடு, சோதித்த பின்பு பயன்படுத்துக என்ற அந்த வைத்தியரின் சொல்லைச் சட்டமாக எழுதியிருக்கிறது. பழைய உக்காவும் தப்பவில்லை. 2024ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தெலங்காணா சட்டமன்றம், உக்கா விடுதிகளை மாநிலமெங்கும் தடை செய்யும் மசோதாவை நிறைவேற்றியது. உக்கா இந்நகரில் கௌரவமாக நிற்கத்தக்க இடம், இனிக் கண்ணாடிப் பேழை ஒன்றே.

நீர், வடிகட்டி, இலேசான தார், மின்சாரம் என்று நான்கு வாக்குறுதிகளைக் கண்டோம். முதல் மூன்றும் பொய்த்தன. மூன்றும் பொய்த்ததனாலேயே நான்காவதும் பொய்க்கும் என்று கூறுவது தர்க்கம் ஆகாது. ஆனால் சோதனையின் சுமையை வாங்குபவனுடைய நுரையீரலின்மேல் ஏற்றக்கூடாது என்று கேட்கும் உரிமையை அவை நமக்குத் தருகின்றன. நண்பரிடம் நான் சொன்னதும் இவ்வளவே: "சிகரெட்டைக் காட்டிலும் எது நல்லது என்று கேட்டால், ஏதேனும் ஒன்று எப்போதும் கிடைக்கும். காற்றைக் காட்டிலும் எது நல்லது என்று கேட்டுப் பாருங்கள்."

அவர் பதில் கூறவில்லை. சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியை எடுத்துப் புரட்டினார். புகைப் பழக்கத்தை விட விரும்புவோர் கட்டணமின்றி ஆலோசனை பெற, 2016ஆம் ஆண்டு முதல் டில்லியில் உள்ள வல்லபாய் படேல் மார்பு நோய் நிலையத்தில் ஒரு தொலைபேசிச் சேவை நடைபெறுகிறது. அதன் எண் ஒவ்வொரு பெட்டியின்மேலும் அச்சிடப்பட்டிருக்கிறது. அவ்வளவு காலம் அந்த எண் அவருடைய மார்பின்மேலேயே இருந்திருக்கிறது. அன்றுதான் அவர் அதனைப் படித்தார்.